சூடான்: தட்டில் புண்ணாக்கு... பாதி வழியில் உணவு லாரி! போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கு நிவாரணம் ஏன் போய்ச் சேரவில்லை?

மாட்டுக்கு வைக்கும் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, கரைத்து மனிதர்கள் சாப்பிட்ட நகரம் அது. பெயர் எல் ஃபாஷர். சூடானின் மேற்கே, வடக்கு டார்ஃபூர் மாகாணத்தின் தலைநகர். 2025-ன் நடுப்பகுதியில் அந்த ஊர்ச் சந்தையில் தானியம் கிட்டத்தட்ட காலி. அரபியில் 'அம்பாஸ்' என்று சொல்லப்படும் புண்ணாக்குதான் பல வீடுகளில் சாப்பாடு. கொஞ்ச நாளில் அதுவும் கிடைக்காமல் போனது.

இத்தனைக்கும் சூடான் கடலை விளையாத நாடு இல்லை. உலகில் நிலக்கடலை அதிகம் விளையும் நாடுகளில் ஒன்று. உணவு லாரிகளும் கிளம்பாமல் இல்லை. கிளம்பின. ஆனால் ஊருக்குள் போக முடியவில்லை.

போர் நடக்கும் நாட்டில் நிவாரணம் எப்படிப் போகிறது, எங்கே நிற்கிறது, யார் நிறுத்துகிறார்கள்? உலகின் மிகப்பெரிய இடப்பெயர்வு நெருக்கடி என்று ஐ.நா. சொல்லும் சூடானை வைத்தே விரிவாகப் பார்க்கலாம்.

யாருக்கும் யாருக்கும் சண்டை?

ஒரு பக்கம் சூடான் ராணுவம். தலைவர் ஜெனரல் அப்தல் ஃபத்தா அல்-புர்ஹான். இன்னொரு பக்கம் ஆர்.எஸ்.எஃப். எனப்படும் துணை ராணுவப் படை. தலைவர் 'ஹெமெட்டி' என்று அழைக்கப்படும் முகமது ஹம்தான் டகலோ.

இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே அணி. 30 ஆண்டுகள் ஆட்சி செய்த ஒமர் அல்-பஷீர் 2019-ல் மக்கள் போராட்டத்துக்குப் பிறகு வீழ்ந்தார். 2021 அக்டோபரில் இந்த இரண்டு தளபதிகளும் சேர்ந்து சிவில் அரசைக் கவிழ்த்தார்கள். ஆர்.எஸ்.எஃப். வீரர்களை ராணுவத்தோடு எப்போது, யார் தலைமையில் இணைப்பது என்பதில் தகராறு முற்றியது. 2023 ஏப்ரல் 15 அன்று தலைநகர் கார்ட்டூமில் துப்பாக்கிகள் வெடித்தன.

அந்த நாட்களில்தான் 'ஆபரேஷன் காவேரி' மூலம் சூடானில் சிக்கிய இந்தியர்களைப் போர்ட் சூடான் துறைமுகம் வழியாக சவுதியின் ஜெட்டாவுக்குக் கொண்டுவந்தது இந்தியா. தமிழர்களும் அதில் திரும்பினார்கள். வெளிநாட்டவர்கள் ஊர் திரும்பியதும் செய்தியும் குறைந்தது. போர் மட்டும் குறையவில்லை.

எத்தனை பேர் வீடு இழந்தார்கள்?

சுமார் 5 கோடி மக்கள் உள்ள நாடு. போர் தொடங்கிய பிறகு 1.2 கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு ஓடினார்கள். அவர்களில் 40 லட்சத்துக்கும் மேல் எல்லை தாண்டி சாட், எகிப்து, தெற்கு சூடான் போன்ற நாடுகளுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் சூடானுக்குள்ளேயே வேறு ஊர்களில், முகாம்களில், பள்ளிக்கூடங்களில், மரத்தடிகளில். கார்ட்டூமை 2025 மார்ச்சில் ராணுவம் மீட்ட பிறகு லட்சக்கணக்கானோர் திரும்பினார்கள். ஆனால் டார்ஃபூரிலும் கோர்டோஃபானிலும் புதிதாக ஓடுகிறவர்கள் நின்றபாடில்லை.

'அகதி'க்கும் 'இடம்பெயர்ந்தவ'ருக்கும் என்ன வித்தியாசம்?

பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுவோம். சட்டத்தில் இரண்டும் வேறு. நாட்டின் எல்லையைத் தாண்டினால் அகதி. அவருக்கு 1951-ன் அகதிகள் உடன்படிக்கை இருக்கிறது, ஐ.நா.வின் அகதிகள் ஆணையம் இருக்கிறது. எல்லை தாண்டாமல் சொந்த நாட்டுக்குள்ளேயே ஓடினால் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். அவரைப் பாதுகாக்க வேண்டிய முதல் பொறுப்பு அவருடைய சொந்த அரசுக்கு.

இலங்கைப் போரை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கடல் தாண்டி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவர்கள் அகதிகள். 2009-ல் வவுனியா அருகே மெனிக் ஃபார்ம் முகாமில் முள்வேலிக்குள் இருந்தவர்கள் இடம்பெயர்ந்தவர்கள்.

சிக்கல் எங்கே என்றால், பல உள்நாட்டுப் போர்களில் சண்டையில் ஒரு தரப்பே அந்த 'சொந்த அரசு'தான். அதனால்தான் இவர்களுக்கெனத் தனி நெறிமுறைகளை 1998-ல் ஐ.நா. உருவாக்கியது. அந்தப் பணிக்குத் தலைமை வகித்தவர் பிரான்சிஸ் டெங். அவரே சூடானில் பிறந்த தூதர்! ஆனால் அந்த நெறிமுறைகள் நாடுகளை நேரடியாகக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இல்லை.

தமிழில் 'கதி' என்றால் வழி, போக்கிடம். அது இல்லாதவர் அகதி. அந்தக் கணக்கில் பார்த்தால், எல்லை தாண்டக்கூட வழியில்லாமல் எல் ஃபாஷரில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் அந்தச் சொல் இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

எல் ஃபாஷரில் நடந்தது என்ன?

டார்ஃபூருக்கு இது முதல் போர் இல்லை. 2003-ல் வெடித்த போரில் ஓடி வந்தவர்களுக்காக எல் ஃபாஷருக்குத் தெற்கே உருவானதுதான் சம்சம் முகாம். புதிய போர் வந்ததும் அங்கே கூட்டம் இன்னும் பெருகியது. சுமார் 5 லட்சம் பேர் வரை இருந்ததாக மதிப்பிடப்பட்டது.

2024 தொடக்கத்திலேயே எச்சரிக்கை மணி அடித்தது. சம்சமில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குழந்தை இறக்கிறது என்று 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு அந்த ஆண்டு பிப்ரவரியில் சொன்னது. மே மாதத்தில் ஆர்.எஸ்.எஃப். எல் ஃபாஷரை முற்றுகையிட்டது. ஜூன் மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவை 2736-ம் எண் தீர்மானம் போட்டு முற்றுகையை நிறுத்தச் சொன்னது. யாரும் கேட்கவில்லை. ஆகஸ்ட் 1 அன்று சம்சமில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது.

2025 பிப்ரவரியில் சண்டை முகாமுக்குள்ளேயே வந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அங்கே வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. ஏப்ரலில் ஆர்.எஸ்.எஃப். முகாமைப் பிடித்தது. அந்தத் தாக்குதலில் 'ரிலீஃப் இன்டர்நேஷனல்' அமைப்பின் மருத்துவ ஊழியர்கள் 9 பேர் கொல்லப்பட்டார்கள். சுமார் 4 லட்சம் பேர் மறுபடியும் ஓடினார்கள். சிலருக்கு இது வாழ்க்கையில் மூன்றாவது, நான்காவது ஓட்டம்.

எல் ஃபாஷருக்குள் மட்டும் 2.6 லட்சம் பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் குழந்தைகள் என்றது யுனிசெஃப். நகரைச் சுற்றி ஆர்.எஸ்.எஃப். மண்கரை எழுப்புவதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. 2025 அக்டோபர் 26 அன்று நகரம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து சவுதி மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் உடன் இருந்தவர்களுமாக 460-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார அமைப்பு தெரிவித்தது. தப்பியவர்கள் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தவிலா என்ற ஊரை நோக்கி நடந்தார்கள். போரில் எந்தப் பக்கமும் சேராத ஒரு கிளர்ச்சிக் குழுவின் கையில் அந்த ஊர் இருந்ததுதான் காரணம்.

ஒரு உணவு மூட்டை எப்படிப் போகிறது?

டார்ஃபூருக்கு முக்கியமாக இரண்டு வழி.

முதல் வழி, கிழக்கே செங்கடல் கரையில் இருக்கும் போர்ட் சூடான். கப்பலில் வரும் தானியம் அங்கே இறங்கி லாரியில் ஏறும். எல் ஃபாஷர் பக்கம் போக 1,800 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கொல்கத்தாவைத் தாண்டிப் போகிற தூரம்! வழியில் முதலில் ராணுவத்தின் பகுதி, பிறகு சண்டை நடக்கும் பகுதி, பிறகு ஆர்.எஸ்.எஃப். பகுதி. இப்படிப் போர்முனையைக் கடந்து போவதை 'குறுக்குக்கோடு' உதவி என்று நிவாரணத் துறையில் சொல்வார்கள்.

இரண்டாவது வழி, மேற்கே சாட் நாட்டின் அட்ரே எல்லை. அட்ரேயிலிருந்து மேற்கு டார்ஃபூரின் எல் ஜெனீனா நகரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். எல்லை தாண்டி வரும் உதவி இது. வரைபடத்தைப் பார்த்தால் எந்த வழி சுலபம் என்று குழந்தைகூடச் சொல்லும். ஆனால் 2024 பிப்ரவரியில் அந்த வழியை மூடியது சூடான் அரசு. அதன் வழியாக ஆர்.எஸ்.எஃப்.புக்கு ஆயுதம் போகிறது என்பது அரசின் வாதம். ஆறு மாதம் கழித்து, பஞ்சம் உறுதியான பிறகுதான் ஆகஸ்ட் நடுவில் மூன்று மாதத்துக்கு அனுமதி கிடைத்தது. அதன் பிறகு அது தவணை தவணையாகத்தான் நீட்டிக்கப்பட்டு வருகிறது. அதுவும் மழைக்காலத்தில்! ஜூன் முதல் செப்டம்பர் வரை டார்ஃபூரின் காட்டாறுகளில் வெள்ளம் வந்தால் மண் சாலையில் லாரி நகராது.

வழி திறந்தால் மட்டும் போதாது. ராணுவப் பகுதியில் அரசின் மனிதாபிமான உதவி ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஆர்.எஸ்.எஃப். பகுதிக்குள் நுழைந்தால் அவர்கள் அமைத்த நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஓட்டுநருக்குத் தனி, லாரிக்குத் தனி, பொருளுக்குத் தனி. நடுவில் சோதனைச் சாவடிகள், வசூல்.

இத்தனையும் தாண்டினால்? 2025 ஜூன் 2-ம் தேதி நடந்ததே பதில். உலக உணவுத் திட்டமும் யுனிசெஃப்பும் அனுப்பிய 15 லாரிகள் போர்ட் சூடானிலிருந்து 1,800 கிலோமீட்டர் கடந்து எல் கோமா என்ற ஊர் வரை வந்துவிட்டன. எல் ஃபாஷர் இன்னும் 80 கிலோமீட்டர்தான். பயணப் பாதை இரு தரப்புக்கும் முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தது. மேலே செல்ல அனுமதி கிடைப்பதற்காகக் காத்திருந்தபோது லாரிகள் தாக்கப்பட்டன. 5 பேர் இறந்தார்கள். தானியமும் குழந்தைகளுக்கான ஊட்டச்சத்துப் பொருளும் எரிந்தன. ராணுவம் ஆர்.எஸ்.எஃப்.பைக் கைகாட்டியது, ஆர்.எஸ்.எஃப். ராணுவத்தைக் கைகாட்டியது.

விமானத்தில் இருந்து போட்டால் என்ன?

பலரும் கேட்கும் கேள்வி. போடலாம். ஆனால் லாரியில் கொண்டு போவதைவிடப் பல மடங்கு செலவு. ஒரு விமானம் கொண்டுபோகிற சுமை சில லாரிகளின் சுமைதான். கீழே விழுகிற மூட்டை பலசாலி கைக்குப் போகுமா, பசித்தவர் கைக்குப் போகுமா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, போர்முனைக்கு மேலே தாழப் பறக்கும் விமானத்தைச் சுட்டு வீழ்த்த மாட்டோம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி ஒப்புக்கொள்கிறவர்கள் சாலையையே திறந்துவிடலாமே!

நிவாரணம் என்றால் சோறு மட்டுமா?

இல்லை. முகாமில் முதலில் உயிரை எடுப்பது பல நேரங்களில் பசி இல்லை, அழுக்குத் தண்ணீர். அதனால்தான் இதற்கென உலக அளவில் குறைந்தபட்சக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

* தண்ணீர்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து, நம்ம வீட்டு பிளாஸ்டிக் குடத்தில் ஒன்று.
* உணவு: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி.
* கழிப்பறை: 20 பேருக்கு ஒன்று.
* தங்குமிடம்: கூரைக்குக் கீழே ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர். கிட்டத்தட்ட இரண்டு பாய் விரிக்கும் இடம்.

இந்தக் குறைந்தபட்சமும் கிடைக்காத இடத்தில் என்ன ஆகும் என்பதைத் தவிலா காட்டியது. சம்சமில் இருந்து ஓடியவர்கள் அங்கே குவிந்த சில மாதங்களில் காலரா பரவியது.

குழந்தைகளுக்குத் தனி ஏற்பாடு. சுகாதாரப் பணியாளர் கையில் வண்ணம் அடித்த ஒரு அளவு நாடா இருக்கும். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் மேல் கையைச் சுற்றி அளப்பார்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. அதாவது, உயிருக்கு ஆபத்தான ஊட்டச்சத்துக் குறைவு. மருந்து? நிலக்கடலை, பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை, வைட்டமின் சேர்த்து அரைத்த பசை. 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி. சமைக்க வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம். பிரித்து அப்படியே கொடுக்கலாம். சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான்: குழந்தையைக் காப்பாற்றும் பொருளும் கடலையில் இருந்து வருகிறது, எல் ஃபாஷர் மக்கள் தின்ற புண்ணாக்கும் கடலையில் இருந்து வருகிறது. இரண்டுக்கும் நடுவில் நின்றது ஒரு சாலைதான்.

'பஞ்சம்' என்று யார் அறிவிப்பது?

பட்டினி இருக்கும் இடம் எல்லாம் பஞ்சம் ஆகிவிடாது. ஐ.பி.சி. என்ற சர்வதேச அளவுகோலில் அதற்கு மூன்று கணக்கு இருக்கிறது. 5-ல் ஒரு குடும்பத்துக்காவது கிட்டத்தட்ட உணவே இல்லாத நிலை. 100 குழந்தைகளில் 30 பேருக்காவது கடும் ஊட்டச்சத்துக் குறைவு. ஒரு நாளைக்கு 10,000 பேரில் 2 பேராவது பசியாலோ, பசியும் நோயும் சேர்ந்தோ இறப்பது. மூன்றும் சேர்ந்தால்தான் பஞ்சம்.

அதாவது, 'பஞ்சம்' என்ற வார்த்தை வருவதற்குள் பலர் இறந்து முடித்திருப்பார்கள். சூடான் அரசு அந்த வார்த்தையையே ஏற்கவில்லை. 2024 டிசம்பரில் அந்த அளவுகோல் அமைப்பிலிருந்தே விலகியது. ஆனாலும் 2025 நவம்பரில் எல் ஃபாஷரிலும் தெற்கு கோர்டோஃபானின் கடுக்லியிலும் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது.

பணம் எங்கே போனது?

2025-ல் சூடானுக்குள் சுமார் 2.1 கோடி பேருக்கு உதவ 420 கோடி டாலர் வேண்டும் என்று ஐ.நா. கேட்டது. பாதிகூட வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு அதிகம் கொடுத்த நாடு அமெரிக்கா. 2025 ஜனவரியில் ட்ரம்ப் அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததும் சூடானில் அதன் வலி உடனே தெரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுச் சமையல் கூடங்களில் அடுப்பு அணைந்தது.

அந்தச் சமையல் கூடங்களை நடத்துவது யார்?

ஐ.நா.வும் இல்லை, அரசும் இல்லை. ஊர்க்காரர்கள்தான். 'அவசர உதவி அறைகள்' என்ற பெயரில் தெருவுக்குத் தெரு சேர்ந்த ஆசிரியர்கள், மாணவர்கள், மருத்துவர்கள், வீட்டுப் பெண்கள். பஷீருக்கு எதிரான போராட்டத்தில் உருவான தெருக்குழுக்களிலிருந்து வளர்ந்தவை இவை. அறுவடைக்கோ வீடு கட்டவோ ஊரே கூடி உழைக்கும் 'நஃபீர்' என்ற பழைய வழக்கம் சூடானில் உண்டு. நம்ம ஊர்க் குடிமராமத்து மாதிரி. அந்த வழக்கம்தான் போரில் சமையல் கூடமாக மாறியது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் செல்போன் ஆப் வழியாகப் பணம் அனுப்புவார்கள். இவர்கள் பக்கத்துச் சந்தையில் கிடைப்பதை வாங்கிப் பெரிய அண்டாவில் பருப்போ சோளக் கஞ்சியோ காய்ச்சி ஊற்றுவார்கள். 1,800 கிலோமீட்டர் லாரி வர வேண்டியதில்லை. அனுமதிச் சீட்டுக்காகத் துறைமுகத்தில் காத்திருக்க வேண்டியதில்லை. எல் ஃபாஷரில் கடைசிக் காலத்தில் புண்ணாக்கைக் கரைத்து வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்ததும் இந்த மாதிரிக் கூடங்கள்தான்.

விலையும் கொடுத்தார்கள். இந்தத் தன்னார்வலர்களை இரு தரப்புமே சந்தேகப்பட்டன. 'எதிரிக்குச் சோறு போடுகிறாய்' என்று பிடித்து அடைத்தார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். 2025-ல் இவர்களுக்கு நார்வேயின் ராஃப்டோ பரிசும், 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும் கிடைத்தன. ஆனால் விருது தரும் உலகம் அண்டாவுக்குப் பணம் தருவதில் இன்னும் கைவிரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

நிவாரணத்தைத் தடுப்பது குற்றம் இல்லையா?

குற்றம்தான். 1949 ஜெனீவா உடன்படிக்கைகளும் 1977-ன் கூடுதல் ஒப்பந்தங்களும், உள்நாட்டுப் போராக இருந்தாலும், பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர் ஆயுதமாக்கக் கூடாது என்கின்றன. 2018-ல் பாதுகாப்பு அவையின் 2417-ம் எண் தீர்மானம் அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னது. ராணுவமும் ஆர்.எஸ்.எஃப்.பும் 2023 மே மாதம் ஜெட்டாவில் பொதுமக்களைப் பாதுகாப்போம், நிவாரணத்துக்கு வழி விடுவோம் என்று கையெழுத்தே போட்டன.

2025 ஜூனில் எல் ஃபாஷருக்கு ஒரு வாரம் மட்டும் போர் நிறுத்தம் கேட்டார் ஐ.நா. பொதுச் செயலாளர் குட்டெரெஸ். புர்ஹான் சம்மதித்தார். ஆர்.எஸ்.எஃப். சம்மதிக்கவில்லை. அக்டோபரில் எல் ஃபாஷர் வீழ்ந்த அதே வாரத்தில் உலக உணவுத் திட்டத்தின் இரண்டு மூத்த அதிகாரிகளை நாட்டை விட்டுப் போகச் சொன்னது சூடான் அரசு. முற்றுகை போட்டது ஒரு தரப்பு என்றாலும், நிவாரணத்தின் கையைக் கட்டியதில் இரண்டு தரப்புக்கும் பங்கு உண்டு.

முன்பு எப்போதாவது வழி திறந்திருக்கிறதா?

திறந்திருக்கிறது. அதுவும் இதே சூடானில்! 1988-ல் அன்றைய உள்நாட்டுப் போரில் தெற்கே கொடும் பஞ்சம். 1989-ல் அரசையும் கிளர்ச்சியாளர்களையும் ஒரே நேரத்தில் சம்மதிக்க வைத்து, இரு தரப்புப் பகுதிக்கும் உணவு கொண்டு போனது ஐ.நா. 'ஆபரேஷன் லைஃப்லைன் சூடான்' என்று பெயர். குறைகள் இருந்தன. உணவு திருடப்பட்டது, அனுமதி மறுக்கப்பட்ட ஆண்டுகளும் உண்டு. ஆனால் போர் முடியும்வரை காத்திருக்காமலே மூட்டையை நகர்த்த முடியும் என்று அது காட்டியது.

அடுத்து என்ன?

அமெரிக்கா, சவுதி அரேபியா, எகிப்து, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நான்கு நாடுகள் 2025 செப்டம்பரில் மூன்று மாத மனிதாபிமானப் போர் நிறுத்தத்தை முன்வைத்தன. எல் ஃபாஷரைப் பிடித்த பிறகு நவம்பரில் ஆர்.எஸ்.எஃப். ஒப்புக்கொள்வதாகச் சொன்னது. ராணுவம் ஏற்கவில்லை. சண்டை கோர்டோஃபான் பக்கம் நகர்ந்தது.

இனிமேல் சூடான் செய்தி வந்தால் மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். அட்ரே எல்லை திறந்திருக்கிறதா? ஐ.நா. கேட்ட பணத்தில் எவ்வளவு வந்தது? தெருச் சமையல் கூடங்களில் எத்தனை அடுப்பு எரிகிறது? எந்த ஊர் யார் கையில் என்பதைவிட, தவிலாவில் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கும் குடும்பத்துக்கு இன்று இரவு சாப்பாடு உண்டா என்பதை இந்த மூன்றும்தான் சொல்லும்.